நோய்க்குத் தமிழ்ச் சொல் தேடிய மானிப்பாய் வைத்தியர்



உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். உடம்புக்கு முடியாமல் காஜாங் ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்து, என்ன செய்கிறது என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

உடம்பு சரியில்லே, ஒரே வலி, என்னமோ பண்ணுது. இப்படித்தானே நம்மில் பெரும்பாலோர் சொல்கிறோம்? வலி என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி டாக்டர் மேசைமேல் வைத்துவிடுகிறோம். அவர்தான் அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பக்கத்தில் நிற்கும் பேரனோ பேத்தியோ மலாயில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சட்டென்று வாயில் வருவது சாக்கிட் என்ற ஒரு சொல். பாட்டியின் வாயில் பத்து விதமாக இருந்த வேதனை, டாக்டரின் காதுக்குப் போகும்போது ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழில் வலிக்குச் சொற்பஞ்சமா? இல்லவே இல்லை! குத்தல் வேறு, குடைச்சல் வேறு. உளைச்சல் வேறு, கடுப்பு வேறு. எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, பிசைதல், முறுக்கல் என்று எத்தனை! பல்லிலே விண்விண் என்று தெறிக்கும். முதுகிலே சுளீர் என்று இழுக்கும். விரலிலே சுருக்கென்று குத்தும். கால் மரத்துப் போகும். தலை கிறுகிறுக்கும். நெஞ்சு படபடக்கும். நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கவில்லை. தாய்ப்பாலோடு வந்த சொற்கள் இவை.

இப்படிப் பேசும் மக்களுக்கு இவர்களுடைய மொழியிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கொடுக்க வேண்டும் என்று, 150 ஆண்டுகளுக்கு முன்பே பாடுபட்டவர் ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் இருந்த பெரிய பெரிய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே பாடம் நடத்தி வைத்தியர்களை உருவாக்கினார். அவர் தமிழர் அல்லர். அமெரிக்கர்! சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். யாழ்ப்பாணத்து மக்கள் டாக்டர் கிறீன் என்று இன்றும் பெருமையோடு சொல்லும் அந்தப் பெரியவரின் வரலாற்றை, நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பிறப்பும் படிப்பும்

அமெரிக்க நாட்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் கிரீன் ஹில் என்ற பண்ணையில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் கிறீன் பிறந்தார். பெரிய குடும்பம். பதினொரு பிள்ளைகளில் இவர் எட்டாவது. இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயார்க் நகரத்தின் அமைப்பையே மாற்றியவர். அந்த நகரின் நடுவே இருக்கும் சென்ட்ரல் பார்க் என்ற புகழ்பெற்ற பூங்கா உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அண்ணன் ஊரைக் கட்டினார், தம்பி சொல்லைக் கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

தம்பி வைத்தியம் படித்தார். நியூயார்க்கில் வைத்தியக் கல்லூரியில் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 1846-இல், அவருடைய மாநிலத்தின் தலைநகரான பாஸ்டனில் ஈதர் என்ற மருந்தை மூக்கில் பிடித்து, நோயாளிக்கு வலி தெரியாமல் அறுவைச் சிகிச்சை செய்து காட்டினார்கள். உலகமே வியந்தது. வைத்தியம் வேகமாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பட்டம் வாங்கிய இளைஞர் நியூயார்க்கிலேயே ஒரு கிளினிக் வைத்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் வேறு பக்கம் போயிற்று. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணி செய்து வந்த அமெரிக்க மிஷனில் சேர்ந்து, 1847-இல் பாய்மரக் கப்பல் ஏறினார். மாதக்கணக்கில் கடல் பயணம். அந்த ஆண்டு அக்டோபர் மாதம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வயது அப்போது ஏறக்குறைய இருபத்தைந்து.

மானிப்பாயில் முதல் வகுப்பு

வந்தவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? தமிழ் படித்தார். நோயாளியோடு பேசத் தெரியாத வைத்தியர் பாதி வைத்தியர்தானே!

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848-இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே மருந்துசாலை வைத்தார். அதே ஆண்டு நம் பிள்ளைகளில் சிலரைச் சேர்த்து வைத்திய வகுப்பும் தொடங்கினார். ஆரம்பத்தில் அந்த வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது.

மானிப்பாய் சாதாரண ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ச் சொற்களை ஆயிரக்கணக்கில் திரட்டிய பெரிய அகராதி ஒன்று 1842-இலேயே அங்கே அச்சாகியிருந்தது. மானிப்பாய் அகராதி என்று அதற்குப் பெயர். ஆகவே சொல்லின் அருமை தெரிந்த ஊர் அது. சொல் தேடும் வைத்தியருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர். அந்தக் காலத்தில் காலரா என்றால் ஊரே நடுங்கும். யாழ்ப்பாணத்தில் அது பலமுறை வந்து உயிர்களை வாரிக்கொண்டு போனது. நம்மவர் அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: வாந்திபேதி! நோயாளிக்கு என்ன நடக்கிறதோ அதுவே நோயின் பெயர். நீரிழிவு என்ற பெயரும் அப்படித்தான். மஞ்சட்காமாலை என்றால் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். குளிர்காய்ச்சல் என்றால் குளிரும் உண்டு, காய்ச்சலும் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் முறைக்காய்ச்சல். பெயரைக் கேட்டாலே நோயின் அடையாளம் தெரிந்துவிடும். நோயைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த சமுதாயம்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும்.

நம் நாட்டு வைத்தியர்களும் சும்மா இருந்தவர்கள் அல்லர். நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் என்று எட்டு வகையாகச் சோதித்துப் பார்ப்பது சித்த வைத்திய முறை. நோயின் அடையாளங்களைக் குறிகுணம் என்று சொல்வார்கள். ஆகவே கிறீன் வெறும் தரையில் விதை போடவில்லை. உழுது கிடந்த நிலத்திலே போட்டார்.

ஆங்கிலமா, தமிழா?

பத்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு உடல் தளர்ந்து அமெரிக்கா போனார். 1862-இல் மார்கரெட் அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டு, அதே ஆண்டு இருவருமாக யாழ்ப்பாணம் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர் ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனிமேல் வைத்திய வகுப்பு முழுவதும் தமிழிலேயே நடக்கும் என்பதுதான் அது. 1864 அளவில் இது நடைமுறைக்கு வந்தது.

ஏன் இந்த முடிவு? காரணம் எளிமையானது. ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததும் ஊரை விட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் அங்கேதான் இருந்தது. ஆனால் கிராமத்து ஏழைக்கு வைத்தியர் வேண்டாமா? தமிழில் படித்தவன் தமிழ் மக்கள் நடுவிலேயே இருப்பான், அவர்கள் சொல்வதைக் கேட்பான், அவர்களுக்குப் புரியும்படி சொல்வான் என்று கிறீன் கருதினார்.

எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆங்கிலம் இருந்தால்தானே வேலை, தமிழில் வைத்தியம் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வி நமக்குப் புதிதா? தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் ஒவ்வொருவரும் யாராவது ஒருவர் வாயிலிருந்து கேட்ட கேள்விதானே! அதே கேள்விக்கு ஒரு வெள்ளைக்கார வைத்தியர் 1860-களில் பதில் சொன்னார். வாயால் சொல்லவில்லை. செய்து காட்டினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்மிடம் படித்தவர்கள் வேட்டி சால்வையை விட்டுவிட்டுத் தொப்பியும் காற்சட்டையுமாகத் திரிவதை அவர் விரும்பவில்லை. உடையாலும் பேச்சாலும் ஊராரை விட்டு விலகிப் போனவனிடம் ஊரார் தங்கள் நோயை எப்படி மனம் விட்டுச் சொல்வார்கள்?

கிறீனிடம் வைத்தியம் கற்றவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள். வைத்தியத்தைத் தமிழில் படிக்க முடியுமா என்று இன்றும் பட்டிமன்றம் நடத்துகிறோமே, அன்றைக்கே படித்து முடித்து வைத்தியம் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள்!

நூல்கள் பிறந்த கதை

தமிழில் பாடம் நடத்தப் புத்தகம் வேண்டாமா? கிறீன் அந்தப் பாரத்தையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். 1850-களிலேயே உடலமைப்பு, உறுப்புகளின் வேலை, சுகாதாரம் மூன்றையும் சொல்லும் ஒரு நூலைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். பிள்ளைப்பேறு பற்றிய நூலும் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அறுவைச் சிகிச்சைக்கு இரண வைத்தியம், 1867-இல். உடற்கூறு பற்றி மனுஷ அங்காதிபாதம், 1872-இல். நோய்களை அறிந்து மருந்து கொடுக்கும் முறைக்கு வைத்தியாகரம், அதே 1872-இல். ரசாயனத்துக்குக் கெமிஸ்தம், 1875-இல். உறுப்புகள் வேலை செய்யும் விதத்துக்கு மனுஷ சுகரணம், 1883-இல். மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்!

மனுஷ அங்காதிபாதம் எந்த நூலின் தமிழாக்கம் தெரியுமா? கிரே என்பவர் எழுதிய உடற்கூற்று நூல். 1858-இல் லண்டனில் முதல் பதிப்பாக வந்த நூல் அது. இன்றைக்கும் உலகமெங்கும் வைத்திய மாணவர்கள் அதன் புதிய பதிப்புகளைப் படிக்கிறார்கள். அது வெளிவந்த 14 ஆண்டுகளில் தமிழ்ப் பிள்ளைகள் கையில் தமிழிலேயே இருந்தது. நினைத்துப் பார்த்தால் உடம்பு புல்லரிக்கவில்லையா?

இந்த வேலையை அவர் தனியாகச் செய்யவில்லை. அவரிடமே படித்துத் தேறிய தமிழ் வைத்தியர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். அவர்களில் சாப்மன், டான்வோர்த் போன்ற பெயர்களைக் கண்டு, இவர்களும் வெள்ளைக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். அக்காலத்தில் மிஷன் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. பெயர்தான் சீமைப் பெயர். ஆள் யாழ்ப்பாணத்துத் தமிழர்.

சொல் தேடுவதற்கு அவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் வடமொழியில் தேடுவது. அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்றபடி எழுதிக்கொள்வது. கெமிஸ்தம் என்ற பெயர் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? வைத்தியச் சொற்களுக்குத் தனியே சொற்றொகுதிகளும் அச்சாயின.

இதிலே பெரிய சிரமம் எங்கே என்று யோசித்துப் பாருங்கள். எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் வைப்பது ஒரு மாதிரி வேலை. எலும்பைக் கையில் எடுத்துக் காட்டலாம். ஆனால் நோயாளி உள்ளே உணர்வதை எடுத்துக் காட்ட முடியுமா? வைத்திய நூல்களில் நோயின் அடையாளங்கள் இரண்டு வகை. ஒன்று, நோயாளிக்கு மட்டும் தெரிவது: வலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. மற்றொன்று, வைத்தியர் கண்ணாலும் கையாலும் காதாலும் கண்டுபிடிப்பது: வீக்கம், மஞ்சள் நிறம், நாடித் துடிப்பு, மார்பில் கேட்கும் இரைச்சல். இரண்டாவது வகைக்குக் கருவிகள் வந்துவிட்டன. நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பை 1816-இலேயே பிரான்ஸ் நாட்டு வைத்தியர் லென்னெக் கண்டுபிடித்தார். முதல் வகைக்கு அன்றும் கருவி இல்லை, இன்றும் கருவி இல்லை. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான் கருவி!

இதை அறிவியல் உலகமும் ஒப்புக்கொண்டது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக் என்ற அறிஞர், வலியைச் சொல்ல மக்கள் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டினார். 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து, 1975-இல் ஒரு வினாப்படிவம் வெளியிட்டார். குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா, துடிக்கிறதா என்று அதிலே கேள்விகள். அந்தச் சொற்கள் வலியின் தன்மையையும் அளவையும் வைத்தியருக்குக் காட்டும். பார்த்தீர்களா? நம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொன்னதற்கும் இதற்கும் எத்தனை நெருக்கம்!

கடைசி மூச்சு வரை

1873-இல் உடல்நலம் குன்றி, கிறீன் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். இரண்டு தவணையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் உழைத்தாயிற்று. இனி ஓய்வு எடுத்திருக்கலாம். எடுத்தாரா? இல்லை! பிறந்த ஊரான வூஸ்டரில் உட்கார்ந்துகொண்டு தமிழ் வைத்திய நூல்களைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883-இல் அச்சேறியபோது அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பனி கொட்டும் ஊரில், சுற்றிலும் தமிழ் பேச ஆள் அதிகம் இல்லாத வீட்டில், பனை மரத்து நாட்டுப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், தமது 61-ஆம் வயதில், அதே கிரீன் ஹில் வீட்டில் அவர் காலமானார். தாம் தமிழர்களுக்கு வைத்தியத் தொண்டும் சமயத் தொண்டும் செய்தவர் என்ற குறிப்புத் தம் கல்லறையில் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வூஸ்டரில் உள்ள அந்தக் கல்லில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ பட்டம் பதவிகளைப் போட்டிருக்கலாம். தமிழர் என்ற சொல்லைப் போடச் சொன்னார்! மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய கிறீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது. அவர் பிறந்த பண்ணை வூஸ்டர் நகரத்தின் பூங்காவாக இருக்கிறது.

நூல்கள் என்ன ஆயின?

உண்மையைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பிறகு தமிழில் வைத்தியம் கற்பிப்பது நீடிக்கவில்லை. படிப்பவர் இல்லாத நூல் பெட்டிக்குள் போனது. அவர் ஆக்கிய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. கெமிஸ்தத்தை இன்று வேதியியல் என்கிறோம். அங்காதிபாதம் உடற்கூறியல் ஆகிவிட்டது. அக்கால வழக்கப்படி வடமொழிச் சொற்கள் மிகுந்த நடை அவருடையது. இன்று படித்தால் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும்.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? ஒருக்காலும் இல்லை. தமிழால் முடியும் என்று காட்டியவர் அவர். ஆனால் அவர் கதையில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. சொல்லை உண்டாக்கினால் மட்டும் போதாது. அதை வாயில் வைத்திருக்க வேண்டும். பேசாத சொல் செத்துப்போகும். குத்தலும் குடைச்சலும் இன்றுவரை பிழைத்திருப்பதற்குக் காரணம், நம் வீட்டுப் பெரியவர்கள் அவற்றைப் பேசிக்கொண்டே இருந்ததுதான்.

நம் ஊருக்கு என்ன தொடர்பு?

மானிப்பாய் எங்கே, காஜாங் எங்கே என்று கேட்கிறீர்களா? தொடர்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களில் பலர் ரயில்வேயிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்தார்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் அந்தக் குடும்பங்களை இன்றும் காணலாம்.

நம் பக்கத்துக் கதை தோட்டத்துக் கதை. காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890-களிலேயே ரப்பர் பயிரிட்டார்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களில் அதுவும் ஒன்று. பிறகு சுற்றுவட்டாரம் எல்லாம் பால்மரமாயிற்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் டிரெசர் ஐயாவிடம் போக வேண்டும். அவர் கேட்பார். சரியாகச் சொன்னவருக்கு மருந்தும் கிடைக்கும், ஓய்வும் கிடைக்கும். சொல்லத் தெரியாதவர் வேலைக்குப் பயந்து பாசாங்கு செய்கிறார் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெட்டுக் கத்தியோடு காட்டுக்குப் போனதும் உண்டு. சொல் தெரியாததற்கு உடம்பு கொடுத்த விலை அது.

இன்று அந்தத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. டிரெசர் ஐயா இருந்த இடத்தில் கிளினிக்கும் பெரிய ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. ஆனால் டாக்டர் கேட்கும் கேள்வி மாறவில்லை. பதில் சொல்லும் நம் வாய்தான் மாறிப்போய்விட்டது.

சொன்னால்தான் தெரியும்

சில உதாரணம் சொல்கிறேன். மாணவர்களே, கவனமாகப் படியுங்கள். நாளைக்கு உங்கள் தாத்தா பாட்டிக்கு நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர்.

நெஞ்சு வலி என்கிறோம். மூச்சை உள்ளே இழுக்கும்போது கத்தியால் குத்துவதுபோல் இருந்தால், அது நுரையீரலின் மேலுறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். சாப்பிட்ட பிறகு புளியேப்பத்தோடு எரிந்தால் இரைப்பைச் சங்கதியாக இருக்கலாம். ஆனால் பாராங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, குப்பென்று வேர்த்துக் கொட்டினால் அது இருதயம் கொடுக்கும் எச்சரிக்கை. நம்மவர் என்ன செய்கிறோம்? வாயுப் பிடிப்பு என்று சொல்லி, பூண்டைத் தட்டிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்! ஒரு சொல் தவறினால் உயிரே போய்விடும். அந்த நேரத்தில் தாமதிக்காமல் 999-க்குக் கூப்பிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே இல்லாமல் இளைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

வயிற்று வலியும் அப்படியே. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி நிலைத்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விலாவிலிருந்து கவட்டுப் பக்கம் பாய்ந்து பாய்ந்து வந்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வயித்த வலிக்குது என்று மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்?

காய்ச்சல் என்றால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதா, மூட்டும் எலும்பும் உளைகிறதா என்று சொல்லுங்கள். டெங்கி நடமாடும் சிலாங்கூரில் அந்த ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய உதவி. காலில் எரிச்சல், ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று தாத்தா சொன்னால், வயசாச்சு என்று தள்ளிவிடாதீர்கள். நீரிழிவு நரம்பைத் தொட்டிருக்கலாம்.

டாக்டரிடம் போகுமுன் ஆறு கேள்விக்குப் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது? எப்படி வலிக்கிறது? எப்போது ஆரம்பித்தது? எவ்வளவு கடுமை? எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? கூடவே வேறு என்ன செய்கிறது? பிள்ளைகள் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகலாம். பாட்டி சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே தமிழில் எழுதி, பக்கத்தில் மலாய்ச் சொல்லை எழுதுங்கள். ஒரே சொல் கிடைக்காவிட்டால் இரண்டு வாக்கியமாக விளக்குங்கள். குறைத்துச் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். தலைசுற்றலுக்கு மலாயில் பெனிங் என்ற தனிச்சொல் இருக்கும்போது, அதையும் சாக்கிட் என்று சொல்லி வைப்பானேன்? தமிழில் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மலாயிலும் ஆங்கிலத்திலும் பிரித்துச் சொல்ல வரும்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால், வலிக்குதா என்று மட்டும் கேட்காதீர்கள். குத்துதா, எரியுதா, பிசையுதா, இழுக்குதா என்று கேட்டுப் பழகுங்கள். இந்தச் சொற்களைப் பாடநூல் முழுக்கக் கற்றுக்கொடுக்காது. வீட்டில்தான் வர வேண்டும்.

மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை டாக்டராகவும் மிஸ்ஸியாகவும் இதே காஜாங் ஆஸ்பத்திரிக்கு வருவீர்கள். அன்றைக்கு ஒரு கிழவி வந்து, ஐயா, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது என்று சொன்னால், பொறுமையாக உட்கார வைத்து, அந்த என்னமோ என்ன என்று அவர் மொழியிலேயே கேளுங்கள். கடல் கடந்து வந்து தமிழ் படித்து அப்படிக் கேட்டவர் டாக்டர் கிறீன். தமிழிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு அது பெரிய காரியமா?